ஜாக் கடைசி எபிசோட்: பூவா தலையா போட்டது நியாயமா?

அரைக்கம்பம் | மார்ச் 3, இரவு 10.12

ஜாக், அமெரிக்கக் கடற்படை வக்கீல்களைப் பத்தின டிவி தொடர். பத்து சீசன், 227 எபிசோட் ஓட்டிட்டு கடைசில காசை ஆகாசத்துல நிறுத்திட்டாங்க. கடற்படை வக்கீல் ஹார்முக்கு கேப்டன் பதவியும் லண்டன் இடமாற்றமும். அவர் காதலிக்கிற மரைன் படைப் பெண் வக்கீல் மேக்குக்கு சான் டியாகோ. கல்யாணம் பண்ணிக்கணும்னா ஒருத்தர் வேலையை விடணுமாம். யாருன்னு தெரிய, கூட வேலை பாக்கற பட் ராபர்ட்ஸ் நாணயத்தைச் சுண்டுறார், திரை உறையுது, முடிஞ்சுது. பூவா தலையான்னு காட்டாதது கூடப் பரவாயில்லை. ஒருத்தர் வேலையை விட்டே ஆகணும்னு எந்தச் சட்டம் சொல்லுது?

சுக்கான் | மார்ச் 3, இரவு 11.40

எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அமெரிக்கக் கடற்படையில் ஃபிரட்டர்னைசேஷன் (பதவி வரம்பு மீறிய நெருக்கம்) விதி முதலில் குறிவைப்பது அதிகாரிக்கும் சிப்பாய் தரப்புக்கும் இடையிலான உறவை. இரண்டு அதிகாரிகள் என்றால், ஒருவர் மற்றவரின் மேலதிகாரியாக இல்லாதவரை கல்யாணம் அவர்கள் இஷ்டம். லண்டனில் இருப்பவரும் சான் டியாகோவில் இருப்பவரும் ஒரே கட்டளைச் சங்கிலியில் வரவே மாட்டார்கள். ஆக அந்த எபிசோடில் வந்த இடமாற்றம்தான் கல்யாணத்துக்கு வழியே திறந்துவிடுகிறது. கதையோ அதையே முட்டுக்கட்டையாகக் காட்டுகிறது.

தம்பதியரை ஒரே ஊரில் போடச் சொல்லிக் கேட்க விதி உண்டு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் கல்யாணம், பதிவுச் சான்றிதழ், ஆவணத்தில் துணைவர் பெயர் ஏறுவது. அப்புறம்தான் மனு. நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு கேட்டால் கோப்பு நகராது. இவர்கள் தலைகீழாகப் போகிறார்கள்: முதலில் வேலையை விடுவது யார், அப்புறம் கல்யாணம்.

கோப்புக்கட்டு | மார்ச் 4, காலை 7.05

சுக்கான் சார், விதி இருக்கு, சரி. ஆனா அது உரிமை இல்லையே, வேண்டுகோள்தானே? "படையின் தேவைக்கு உட்பட்டு"ன்னு ஒரு வரி எல்லா உத்தரவிலும் இருக்கும். அதோட ஒருத்தர் கடற்படை, ஒருத்தர் மரைன். ரெண்டு படைக்கும் பணியிடம் ஒதுக்குற ஆள் வேற வேற. ஒருத்தர் சரின்னாலும் இன்னொருத்தர் கைவிரிச்சா போச்சு.

சுக்கான் | மார்ச் 4, காலை 8.30

ஒப்புக்கொள்கிறேன். அதனால் பணியிடங்களைப் பார்ப்போம்.

சான் டியாகோ கடற்படை ஊர். மூன்றாம் கப்பற்படையின் தலைமையகம் பாயின்ட் லோமாவில். வடக்குத் தீவில் விமானப் பிரிவு. கடற்படைச் சட்ட சேவை அலுவலகமும் அங்கே. கேப்டன் அந்தஸ்தில் ஒரு சட்ட அதிகாரியை உட்கார வைக்க நாற்காலி இருக்கிற ஊர் அது. மரைனுக்கும் பஞ்சமில்லை: மிராமார் 1997 முதல் மரைன் விமான நிலையம், வடக்கே கொஞ்ச தூரத்தில் பெண்டில்டன் முகாம்.

லண்டனில் மரைன் லெப்டினன்ட் கர்னல் அந்தஸ்துள்ள வழக்கறிஞருக்கு என்ன வேலை? ஐரோப்பாவில் மரைன் தலைமையகம் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் பக்கம், போப்லிங்கனில். ஒரே கண்டம், அவ்வளவுதான்.

ஆகவே நடைமுறை விடை ஒன்றுதான்: ஹார்ம் சான் டியாகோ கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வருடம் ஒரு பணிக்காலம் பிரிந்திருந்துவிட்டு அடுத்த சுற்றில் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான தம்பதிகள் இதைத்தான் செய்கிறார்கள். யாரும் காசு சுண்டுவதில்லை.

டெக் நாற்காலி | மார்ச் 4, மதியம் 1.15

லண்டனே பொய் தானே! அமெரிக்கக் கடற்படையின் ஐரோப்பியத் தலைமையகம் 2005லதான் லண்டனை விட்டு இத்தாலி நேப்பிள்ஸுக்குப் போச்சு. ஹார்ம் பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள மறுபடி கட்டணும். கல்யாணப் பத்திரிகையில என்ன விலாசம் போடுவாங்க?

சுக்கான் | மார்ச் 4, மதியம் 2.00

இதை மறந்தே போனேன். எபிசோட் ஒளிபரப்பானது 2005 ஏப்ரல் 29. அதே வருடம் தலைமையகம் மாறுகிறது. ஒரு கேப்டனின் மொத்த எதிர்காலத்தையும் கட்டிவைக்கிற பணியிடம், வந்த வருடமே வேறு நாட்டுக்குப் போகிறது.

சுக்கான் | மார்ச் 6, இரவு 9.50

இரண்டு நாளாக வேறொன்று உறுத்துகிறது. நாம் எல்லோரும் பூவா தலையா என்பதைச் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு பேசுகிறோம். விழுகிற வாய்ப்பு சமம்தான். விழுந்தால் ஆளுக்கு ஆள் இழப்பது ஒன்றா?

அமெரிக்கப் படையில் அப்போதிருந்த ஓய்வூதியம் மலை விளிம்பு மாதிரி. இருபது வருடம் முடித்தால் முழு உரிமை, பத்தொன்பது வருடம் பதினொரு மாதம் என்றால் பூஜ்யம். இடையில் படிக்கட்டு கிடையாது. இருபதுக்கு, வருடத்துக்கு 2.5 சதவீதம் வீதம் 50 சதவீதம்.

ஹார்ம் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் 1985ஆம் வருட வகுப்பு. அகாடமியில் மாணவனாக இருந்த நான்கு வருடம் அதிகாரி ஓய்வூதியக் கணக்கில் சேராது. மே 1985இல் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், என்றால் மே 2005இல் இருபது. எபிசோட் ஏப்ரல் கடைசி. ஒரு மாதம்! ஓய்வு எப்போதும் மாதத்தின் முதல் தேதியில்தான் அமலாகும் என்பதால் ஜூன் 1 முதல் அவர் ஓய்வூதியக்காரர்.

அகாடமியில் சேர்ந்தது 1981. அதாவது 1980 செப்டம்பர் 8க்குப் பின், 1986 ஆகஸ்ட் 1க்கு முன். அந்த இடைவெளியில் சேர்ந்தவர்களுக்கு அதிகபட்சச் சம்பளம் வாங்கிய 36 மாதங்களின் சராசரியில் பாதி. 41 வயதில், ஆயுள் முழுக்க.

மேக்குக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. சேவை சுமார் பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். அவர் தோற்றால் கையில் ஒன்றுமில்லை.

ஆக நாணயத்தில் ஹார்ம் தோற்றால் அவர் ஓய்வு பெறுகிறார். மேக் தோற்றால் அவர் வேலையை இழக்கிறார். இரண்டுக்கும் ஒரே நாணயம்!

அரைக்கம்பம் | மார்ச் 6, இரவு 10.20

அடப்பாவி. நான் இவ்வளவு நாளா ஹார்ம்தான் தியாகின்னு நினைச்சிட்டிருந்தேன்.

கோப்புக்கட்டு | மார்ச் 7, காலை 6.55

சுக்கான் சார், கணக்கு அழகா இருக்கு, ஓட்டை பெரிசா இருக்கு. 2003 என்ன ஆச்சு? எட்டாவது சீசன் முடிவுல மேக்கைக் காப்பாத்த ஹார்ம் ராஜினாமா பண்ணிட்டு பராகுவே போறார். அப்புறம் சிஐஏல விமானம் ஓட்டுறார். ஒன்பதாவது சீசன்ல திரும்ப வர்றார். நடுவுல அந்த மாசமெல்லாம் சேவையில வராது. ஏப்ரல் 2005ல அவருக்கு இருபதுக்கு ஒரு மாசம் குறைவு இல்லை, பல மாசம் குறைவு.

சுக்கான் | மார்ச் 7, காலை 9.10

சரி. தப்பு என்னுடையது. மார்ச் 6 குறிப்பில் "ஒரு மாதம்" என்பதை அடித்துவிடுங்கள்.

சுக்கான் | மார்ச் 7, மாலை 6.30

அடித்தது அவசரமோ என்று இப்போது தோன்றுகிறது.

அதிகாரியின் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே அமலுக்கு வராது. கட்டளைச் சங்கிலி வழியாக மேலே போய், ஏற்கப்பட்டு, விடுவிப்பு உத்தரவு வர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை அவர் அதிகாரிதான், விடுப்பில் இருக்கலாம்.

இப்போது இரண்டில் ஒன்று. கடிதம் முழுதாக ஏற்கப்பட்டிருந்தால், அவர் ரெகுலர் அதிகாரியாகத் திரும்பி வர மறுநியமனம் வேண்டும். லெப்டினன்ட் கமாண்டரும் அதற்கு மேலும் என்றால் அமெரிக்க செனட் ஒப்புதல் தர வேண்டும். கமாண்டர் ஹார்ம் தன் மேலதிகாரி அட்மிரல் செக்விடன் அறைக்கு வந்து நின்றவுடன் மேசை திரும்பக் கிடைக்காது. கதையில் செனட் எங்கேயும் வரவில்லை. அப்படியானால் கோப்பு மேலே போய்ச் சேரவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். கோப்பு போகவில்லை என்றால் சேவையில் இடைவெளியும் இல்லை, என் ஒரு மாதக் கணக்கு பிழைத்தது.

இடைவெளி உண்டு என்றால் செனட் காட்சியைக் காட்டுங்கள். இல்லை என்றால் மே 2005ஐ விட்டுக்கொடுங்கள்.

கோப்புக்கட்டு | மார்ச் 7, மாலை 7.02

வக்கீல் வாதம். திரையில வேலை போச்சுன்னுதான் காட்டினாங்க. இருந்தாலும் உங்க தரப்பே வெச்சுக்கங்க, எனக்கு ரெண்டாவது ஓட்டை இருக்கு: ஹார்ம் இப்பதான் கேப்டன் ஆனார். ஓ-5ம் (கமாண்டர் பதவி) அதுக்கு மேலயும் தானா ஓய்வு கேட்டா, அந்தப் பதவியில மூணு வருஷம் இருந்திருக்கணும். விலக்கு வாங்கினாலும் ரெண்டு. ஜூன் 1ல போனா கேப்டனா ஓய்வு இல்லை, கமாண்டராத்தான்.

சுக்கான் | மார்ச் 7, மாலை 7.15

அது சரி. நாலு பட்டையைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு மூன்று பட்டையோடு போவார். ஆனால் பூஜ்யத்துக்கும் கமாண்டர் ஓய்வூதியத்துக்கும் இருக்கிற தூரம் வேறு, கமாண்டருக்கும் கேப்டனுக்கும் இருக்கிற தூரம் வேறு.

இன்னொன்று. புது இடமாற்ற உத்தரவு வரும்போது இருபது நிறைந்தவர் "உத்தரவு வேண்டாம், ஓய்வு தாருங்கள்" என்று கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான். ஓய்வு மனுவை வழக்கமாக ஒன்பது மாதம், ஒரு வருடம் முன்கூட்டியே போடுவார்கள். ஆக கோப்புக்கட்டு சொல்கிற இடைவெளி நிஜமாகவே இருந்தாலும், மனு நகர்ந்து முடிகிற நேரத்துக்குள் அந்த மாதங்கள் நிரம்பிவிடும். லண்டனில் ஒரு குளிர்காலம் கழித்தால் போதும்.

மன்னிக்கவும், நேப்பிள்ஸில்.

டெக் நாற்காலி | மார்ச் 9, இரவு 11.30

அந்த சிஐஏ காலத்துலதான் சி-130ங்கற பெரிய சரக்கு விமானத்தை விமானந்தாங்கிக் கப்பல்ல இறக்குவாரு. அதைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கத் தேவையில்லை. 1963ல ஃபாரஸ்டல் கப்பல்ல நிஜமாவே செஞ்சிருக்காங்க. 29 தடவை தொட்டுட்டு எழும்பினது, 21 தடவை முழுசா நின்னது. இறங்கறப்போ பிடிச்சு நிறுத்தற கொக்கி கிடையாது, கிளம்பறப்போ உந்தி விடற கவண் கிடையாது. 85,000 பவுண்டு எடையில 267 அடிக்குள்ள நின்னுது. எடை 1,21,000 பவுண்டு ஆனப்போ நிக்க 460 அடி, கிளம்ப 745 அடி. சக்கரம் தளத்தைத் தொடறதுக்கு முன்னாடியே ப்ரொப்பல்லரைப் பின்னோக்கித் திருப்பறதுலதான் சூட்சுமம். கப்பல் எதிர்காத்துல வேகமா ஓடிக்கிட்டிருக்கணும்.

செஞ்சும் ஏன் விட்டாங்கன்னா, அது இறங்கணும்னா தளத்துல மத்த விமானம் எல்லாத்தையும் ஒதுக்கணும். சரக்கு கொண்டு வர்ற ஒரு விமானத்துக்காகப் போர்க்கப்பலோட மொத்த வேலையும் நிக்கணும். கட்டுப்படியாகாது.

அரைக்கம்பம் | மார்ச் 10, காலை 8.00

பென்ஷன்ல ஆரம்பிச்சு ப்ரொப்பல்லர் வரைக்கும் வந்துட்டோம். ஒரு கேள்வி. இந்த மாதிரிக் கணக்குல கோட்டை விட்டாலும் கோர்ட் சீனாவது சரியா எடுத்தாங்களா? பல நீதிமன்ற சீரியல்ல வர்ற மாதிரி ஜூரி முட்டிக்கிட்டு நிக்கிறது, ஒருத்தர் மட்டும் மறுக்கிறது, மறுவிசாரணை, இதெல்லாம் இங்கேயும் நடக்குமா?

சுக்கான் | மார்ச் 10, இரவு 10.45

நடக்காது. கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், ஜூரி முட்டிக்கொண்டு நிற்பது என்ற ஒன்றே கிடையாது.

இந்தத் தொடர் ஓடின காலத்து விதி: ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள். மரண தண்டனை இல்லாத வழக்கில் குற்றவாளி என்று தீர்க்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அது வரவில்லையா, விடுதலை. மறுவிசாரணை இல்லை, "இன்னும் பேசிப் பாருங்கள்" என்று நீதிபதி திருப்பி அனுப்புவதும் இல்லை. ஓட்டு ரகசியச் சீட்டில். பதவியில் ஆக இளையவர் சீட்டைப் பொறுக்கி எண்ணுவார், தலைவர் சரிபார்ப்பார். கர்னல் என்ன போட்டார் என்று லெப்டினன்டுக்குத் தெரியாது, லெப்டினன்ட் என்ன போட்டார் என்று கர்னலுக்கும் தெரியாது.

இதில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஆடுகிற எண் விளையாட்டு ஒன்று உண்டு. எந்த நாடகத்திலும் நான் பார்த்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு பின்னமாக வந்தால் மேல் எண்ணுக்குப் போக வேண்டும் அல்லவா? ஐந்து பேர் என்றால் தண்டிக்க நாலு ஓட்டு, காப்பாற்ற இரண்டு போதும். ஆறு பேர் என்றாலும் தண்டிக்க நாலுதான், ஆனால் காப்பாற்ற மூன்று வேண்டும். ஏழுக்கு ஐந்தும் மூன்றும். எட்டுக்கு ஆறும் மூன்றும். ஒன்பதுக்கு ஆறும் நாலும்.

அதாவது ஆறும் ஒன்பதும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆகாத எண்கள், ஐந்தும் எட்டும் ராசியான எண்கள். ஒவ்வொரு தரப்புக்கும் காரணம் சொல்லாமல் ஒரே ஒருவரை நீக்க உரிமை உண்டு. ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் கெட்டிக்கார வக்கீல் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருவரை நீக்கி ஐந்தாக்குவார். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் சும்மா இருப்பார், நீக்கினால் குறைந்தபட்ச எண்ணிக்கை உடைந்து புது ஆட்களைக் கொண்டு வந்து போடுவார்கள்.

2019 ஜனவரி 1 முதல் இது போயிற்று. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் எட்டு என்று நிலைப்படுத்தி, நாலில் மூன்று பங்கு ஆக்கிவிட்டார்கள்.

அரைக்கம்பம் | மார்ச் 10, இரவு 11.05

பூவா தலையாவை விட இது நல்ல க்ளைமாக்ஸ்.

கோப்புக்கட்டு | மார்ச் 11, காலை 7.20

அதிலும் ஒரு விஷயம் கவனிங்க. ஹார்ம் ஒரு வாரம் அரசுத் தரப்பு, அடுத்த வாரம் எதிர்த்தரப்பு, நடுவுல தானே துப்பறிவார். ஒரே அலுவலகம், ஒரே மேலதிகாரி. நிஜத்துல துப்பறியறது கடற்படைக் குற்றப் புலனாய்வுத் துறையான என்சிஐஎஸ் ஆட்கள், அவங்க பெரும்பாலும் சிவிலியன். வாதாடற ரெண்டு தரப்பும் வேற வேற அலுவலகம். ஒரே அட்மிரல் கைக்குக் கீழ ரெண்டு பக்கமும் இருந்தா மேலதிகாரி தலையீடுன்னு முதல் நாளே மனு விழும், யுசிஎம்ஜேங்கற ராணுவ நீதிச் சட்டத்தோட 37வது பிரிவுல.

சுக்கான் | மார்ச் 11, மாலை 5.40

உண்மை. கடைசி சீசனில் அந்த அட்மிரல் நாற்காலியில் மரைன் ஜெனரல் கிரெஸ்வெல் உட்கார்ந்ததைத் தவறு என்று பலரும் எழுதுகிறார்கள். அது மட்டும் தவறில்லை. கடற்படையின் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரலைக் (தலைமைச் சட்ட அதிகாரியை) கடற்படையிலிருந்தோ மரைனிலிருந்தோ எடுக்கலாம் என்றுதான் சட்டம். கிரெஸ்வெல்லைத் திட்டுகிறவர்கள் காரணத்தை மாற்றிக்கொள்ளவும். திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

டெக் நாற்காலி | மார்ச் 12, இரவு 9.00

எபிசோட் தலைப்பைப் பத்தி யாரும் பேசலையே. ஃபேர் விண்ட்ஸ் அண்ட் ஃபாலோயிங் சீஸ். ஓய்வு பெறும் மாலுமியை வழியனுப்பற வாழ்த்து. காத்து உன் பக்கம் இருக்கட்டும், அலை பின்னாலேர்ந்து தள்ளட்டும்னு அர்த்தம். ஆனா கப்பல் ஓட்டறவங்களைக் கேட்டுப் பாருங்க. பின்னலை பெரிசா இருந்தா சுக்கானுக்குப் பிடி தளரும், பின்பக்கம் தூக்கிப் பக்கவாட்டுல திருப்பிவிடும். கல்யாணத்துக்குப் பொருத்தமான வாழ்த்துதான்.

அரைக்கம்பம் | மார்ச் 12, இரவு 9.04

சுக்கானுக்குப் பிடி தளருமாம், சுக்கான் சார் கவனிங்க.

சுக்கான் | மார்ச் 13, காலை 6.15

கவனித்தேன். தளர்ந்த இடம் எது என்றும் தெரிந்தது.

மேக் தோற்றால் கையில் ஒன்றுமில்லை என்று மார்ச் 6இல் எழுதினேன். அது முழு உண்மை இல்லை. வேலையை விடுவதற்கும் தொடர்வதற்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது: மரைன் ரிசர்வ் என்கிற பகுதிநேரப் படை. முழுநேரப் பணியை விட்டு ரிசர்வுக்கு மாறினால் சேர்த்த வருடங்கள் வீணாகாது. 50 புள்ளி சேர்த்த வருடம் நல்ல வருடம். இருபது நல்ல வருடம் ஆனால் 60 வயதில் ஓய்வூதியம்.

50 புள்ளி கஷ்டமில்லை. உறுப்பினராக இருப்பதற்கே 15. மாதம் ஒரு வார இறுதிப் பயிற்சி, நாலு நாலு மணி நேரமாக வருடத்துக்கு 48. இரண்டு வார ஆண்டுப் பயிற்சிக்கு 14. மொத்தம் 77. முழுநேரப் பணி பதினைந்து வருடம் நாளுக்கொரு புள்ளியாக 5,475. அதோடு ரிசர்வில் ஐந்து வருடம், 385. கூட்டினால் 5,860. அதை 360ஆல் வகுத்தால் 16.28 வருடம், 2.5ஆல் பெருக்கினால் 40.7 சதவீதம்.

லண்டனிலோ நேப்பிள்ஸிலோ இருந்துகொண்டே இதைச் செய்ய முடியும், அவ்வளவு வசதியாக இருக்காது.

கோப்புக்கட்டு | மார்ச் 13, காலை 7.30

அப்ப மேக்கும் நஷ்டப்படலை. உங்க நியாயம் அநியாயம் எல்லாம் காலி.

சுக்கான் | மார்ச் 13, காலை 7.52

காலி இல்லை, சுருங்கியது. ஹார்முக்கு 50 சதவீதம் 41 வயதில் ஆரம்பம். மேக்குக்கு 40.7 சதவீதம், இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்து 60இல். இடையில் ஒரு வருடம் 50 புள்ளி சேராமல் போனால் அந்த வருடம் கணக்கில் நல்ல வருடம் ஆகாது. குழந்தை, இடமாற்றம், பயிற்சிப் பிரிவு தூரம் என்று தவறுகிற இடம் அதுதான். 1990களில் ஆட்குறைப்பு நேரத்தில் பதினைந்து வருடத்திலேயே ஓய்வு தரும் திட்டம் ஒன்று இருந்தது. 2005க்கு முன்பே அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள், திரும்பத் திறந்தது 2012இல்.

அரைக்கம்பம் | மார்ச் 13, இரவு 10.10

அப்ப பட் கையில காசைக் குடுக்கறதுக்குப் பதிலா கால்குலேட்டரைக் குடுத்திருக்கணும்.

டெக் நாற்காலி | மார்ச் 14, இரவு 12.20

அந்தக் காசையே திரும்பப் பாருங்க. அது ரூபாயோ டாலரோ இல்லை, படைப்பிரிவு நினைவு நாணயம். ரெண்டு பக்கமும் சின்னம்தான் இருக்கும். பூ எது, தலை எதுன்னு சுண்டறதுக்கு முன்னாடி பேசி வெச்சாங்களா?

சுக்கான் | மார்ச் 14, காலை 6.40

பேசி வைத்ததாக எனக்கு நினைவில்லை. இன்று இரவு கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.